பயனியரைப் பிடித்து இழுத்தது யார்?

போன மாதம் ஒரு பதிலில், பால்வீதியின் ஓரத்து நட்சத்திரங்கள் அவ்வளவு வேகமாகச் சுற்றியும் சிதறி ஓடாமல் இருப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் ஈர்ப்புதான் காரணம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன. ஒரு சின்ன வேண்டுகோள்: பாதிப் பேர் 'கருப்பொருள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது கதைக்குள் இருப்பது. இது கரும்பொருள், நடுவில் 'ப்' இல்லை, 'ம்'.

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): பயனியர் 10, பயனியர் 11 என்ற இரண்டு விண்கலங்களும் கணக்குப்படி போக வேண்டிய வேகத்தில் போகவில்லை, ஏதோ ஒன்று அவற்றைச் சூரியன் பக்கமாக இழுக்கிறது என்று கல்லூரி நாட்களில் படித்தேன். அந்த ஏதோ ஒன்று கரும்பொருளா? இன்னும் விடை கிடைக்கவில்லையா?

பதில்: விடை 2012இலேயே கிடைத்துவிட்டது. கரும்பொருள் இல்லை. இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான், ஆனால் விடையைத் தேடிப் போன கதை நல்ல துப்பறியும் கதை, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

பயனியர் 10 கிளம்பியது 1972 மார்ச்சில், 11 அடுத்த ஆண்டு ஏப்ரலில். வியாழனை முதன்முதலில் நெருங்கிப் பார்த்தது முன்னது (1973 டிசம்பர்), சனியை முதலில் பார்த்தது பின்னது (1979). அத்தோடு வந்த வேலை முடிந்தது. அப்புறம் இரண்டும் ஆளுக்கொரு திசையில், கிட்டத்தட்ட எதிரெதிராக, சூரியக் குடும்பத்தை விட்டு வெளியே போய்க்கொண்டே இருந்தன. பூமியிலிருந்து ரேடியோ அலை அனுப்பினால் கலம் அதை வாங்கித் திருப்பி அனுப்பும். போன அதிர்வெண்ணுக்கும் திரும்பி வந்த அதிர்வெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அதன் வேகத்தைச் சொல்லிவிடலாம். ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டிப் போனதும் சைரன் சத்தம் சட்டென்று இறங்குகிறதே, அதே டாப்ளர் விஷயம்தான், இங்கே ஒலிக்குப் பதில் ரேடியோ.

சூரியன், கிரகங்கள் எல்லாவற்றின் ஈர்ப்பையும் போட்டு, சூரிய ஒளி கலத்தின் மேல் பட்டுத் தள்ளுகிற தள்ளலையும் கழித்துப் பார்த்தபோது, 1980 வாக்கில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் இருந்த ஜான் ஆண்டர்சனுக்கு ஒரு மிச்சம் உதைத்தது. இரண்டு கலங்களுமே சூரியனை நோக்கி மெல்ல இழுபட்டுக்கொண்டிருந்தன. எவ்வளவு மெல்ல? நொடிக்கு நொடி வேகத்தில் 0.000000000874 மீட்டர். பூமி நம்மைக் கீழே இழுக்கிற இழுப்போடு ஒப்பிட்டால் இது ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் சின்னது. ஓர் ஆண்டு முழுக்க விடாமல் இழுத்தாலும் வேகத்தில் நொடிக்கு 3 சென்டிமீட்டர்கூடக் குறையாது, கலமோ நொடிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. இதைக் கவனித்ததே பெரிய விஷயம் என்பேன். கவனித்ததோடு விடாமல் பதினெட்டு ஆண்டுகள் அதை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான், 1998இல் சகாக்களோடு சேர்ந்து வெளியில் சொன்னார்கள்.

சொன்னதும் இயற்பியல் உலகம் திருவிழாக் கோலம் பூண்டது. ஈர்ப்பு விதியே தப்பு என்றார்கள் சிலர். வெளிச் சூரியக் குடும்பத்தில் கரும்பொருள் குவிந்து கிடக்கிறது என்றார்கள் வேறு சிலர். கலத்தின் எரிவாயுக் கசிவு, விண்தூசி, நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பாறைகள் சுற்றும் கைப்பர் பட்டையின் ஈர்ப்பு, கணினி நிரலில் பிழை என்று சாதாரணக் காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்கள், எதுவும் ஒத்துவரவில்லை. காரணம் கலத்தின் சூடாக இருக்கலாம் என்றும் 1999லேயே இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். அந்த யோசனைக்கு அப்போது அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. புது இயற்பியல் கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்கிறவர்களிடம் போய் 'மெஷின் சூடாகிவிட்டதோ என்னவோ' என்றால் யாருக்குப் பிடிக்கும்?

சூட்டுக்கும் இழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பரிசலில் நின்றுகொண்டு கரைக்குத் தாவினால் பரிசல் பின்னால் நகரும் இல்லையா, அதே கதைதான். ஒளியும் வெப்பக் கதிரும் ஒரு பக்கமாக வெளியேறினால், கலம் எதிர்ப்பக்கம் துளியூண்டு தள்ளப்படும். சூரியனிலிருந்து அவ்வளவு தூரத்தில் சூரியத் தகடு வேலைக்கு ஆகாது என்பதால் பயனியரில் புளூட்டோனியம் வைத்த நான்கு மின்னாக்கிகள் இருந்தன. கிளம்பும்போது அவை உண்டாக்கிய வெப்பம் சுமார் 2,500 வாட், அதில் மின்சாரமாக மாறியது 150 வாட் சொச்சம்தான். மிச்சமெல்லாம் வெறும் சூடாக விண்வெளிக்குள் போனது. எல்லாத் திசையிலும் சமமாகப் போயிருந்தால் வம்பில்லை. ஆனால் பயனியரின் 2.74 மீட்டர் டிஷ் எப்போதும் பூமியைப் பார்த்தபடி இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பூமி இருக்கும் திசையும் சூரியன் இருக்கும் திசையும் ஏறக்குறைய ஒன்றுதான். மின்னாக்கிகளின் சூட்டில் ஒரு பகுதி அந்த டிஷ்ஷின் முதுகில் பட்டுப் பின்பக்கமாகத் திரும்பியது. மின்னணுப் பெட்டியின் சூடும் பின்பக்கக் கதவு மடல்கள் வழியாகத்தான் போனது. சூடு பின்னால் போனால் உதை முன்னால், அதாவது சூரியன் பக்கம்.

இப்போது கணக்கைப் போடுங்கள். கலத்தின் எடை கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. அந்த இழுப்பைக் கொடுக்க ஒரே திசையில் போக வேண்டிய வெப்பம் 63 வாட் அளவுதான். நம் வீட்டில் முன்பெல்லாம் தொங்கிய 60 வாட் குண்டு பல்பு ஒன்று! இரண்டாயிரம் வாட்டுக்கு மேல் கொதித்துக்கொண்டிருந்த கலத்தில் அறுபது வாட் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், உலகமெங்கும் பேராசிரியர்கள் தூக்கத்தைத் தொலைக்க.

'இருக்கலாம்' என்பது வேறு, 'இதுதான்' என்று நிறுவுவது வேறு. அதற்குப் பழைய தரவுகள் வேண்டும். ஜேபிஎல்லில் ஸ்லாவா துரிஷேவ் என்பவர் தேடிப் போனபோது காந்த நாடாச் சுருள்கள் ஒரு மாடிப்படிக்கு அடியில் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. கலத்தின் உள் வெப்பநிலை, மின்னழுத்தம் போன்ற விவரங்கள் அடங்கிய பதிவுகளை முன்பு பயனியர் திட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் தூக்கிப் போடாமல் காப்பாற்றி வைத்திருந்தார். முப்பது வருடத்துக்கு முந்தைய வடிவத்தில் இருந்த அவற்றைப் படிக்கவே தனியாக நிரல் எழுத வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவர் கனடாவில் இருந்த நிரலாளர் விக்டர் டோத். கொஞ்சம் பணம் விண்வெளி ஆர்வலர்களின் சங்கமான பிளானட்டரி சொசைட்டியிலிருந்து, அதாவது உங்களையும் என்னையும் போன்றவர்கள் கொடுத்த நன்கொடையிலிருந்து வந்தது. அரசுக் கோப்புகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லா அதிகாரிகளிடமும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன், பலன் இல்லை.

நாடாக்களைப் படித்ததும் முதலில் தெரிந்தது, இழுப்பு மாறாமல் இருக்கவில்லை, காலம் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது என்பது. இது பெரிய துப்பு. ஈர்ப்போ கரும்பொருளோ காரணம் என்றால் அது ஏன் வருடா வருடம் சோர்ந்து போக வேண்டும்? புளூட்டோனியம்-238 சோர்ந்துபோகும், அதன் அரை ஆயுள் சுமார் 88 ஆண்டுகள், மின்சாரம் தயாரிக்கும் பாகங்கள் இன்னும் சீக்கிரம் கிழடாகிவிடும். அப்புறம் கலத்தின் வரைபடங்களை வைத்து ஒவ்வொரு பரப்பும் எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் கதிர்வீசியது என்று கணினியில் மாதிரி கட்டினார்கள். 2012இல் வந்த முடிவு: வெப்ப உதையைக் கழித்துவிட்டால் பொருட்படுத்தத் தக்க மிச்சம் ஒன்றும் இல்லை. போர்ச்சுகலைச் சேர்ந்த இன்னொரு குழு தனியாக வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தது. அவர்கள் பயன்படுத்தியது கணினிப் படங்களில் பொருட்களுக்குப் பளபளப்பு கொடுக்கிற, வியட்நாமில் பிறந்த புய் துவோங் போங் 1970களில் வகுத்த ஒளிநிழல் முறையை! வீடியோ கேம் விளையாடுகிற உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): பிரபஞ்சத்தில் உள்ள மொத்தப் பொருளில் ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள் என்கிறார்கள். அப்படியானால் சூரியக் குடும்பத்துக்குள்ளும் அதே விகிதத்தில் இருக்க வேண்டாமா? சூரியனைப் போல ஐந்து மடங்கு எடை இங்கேயே எங்கோ ஒளிந்திருக்க வேண்டுமே!

பதில்: அருமையான சந்தேகம். உங்கள் கணக்கு சரி, ஆனால் அது பெரிய அளவில்தான் செல்லும். கொடைக்கானலில் மூடுபனி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தாக்கு முழுவதும் நிற்கிற பனியைத் தண்ணீராக்கினால் டன் கணக்கில் வரும், ஆனால் உங்கள் கையில் இருக்கிற காலி டம்ளருக்குள் நிற்கிற பனியைப் பிழிந்தால் நாக்கு நனையாது. சாதாரணப் பொருள் ஒன்றோடொன்று மோதும், சூடாகும், அந்தச் சூட்டை வெளியே விட்டுக் குளிரும், குளிர்ந்தால் சுருங்கி நட்சத்திரமாகவும் கிரகமாகவும் திரளும். கரும்பொருளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது நட்சத்திரத்துக்குள் விழுந்தாலும் வந்த வேகத்தில் மறுபக்கம் வழியாக வெளியே போய்விடும், தங்காது. அதனால்தான் விண்மீன் மண்டலம் முழுக்கப் பனி மாதிரி பரவி நிற்கிறது.

எண்களில் சொன்னால்தான் உறைக்கும். நாம் இருக்கிற இடத்தில் கரும்பொருளின் அடர்த்தி, நட்சத்திரங்களின் ஓட்டத்தை வைத்து மதிப்பிட்டபடி, கன மீட்டருக்கு 5 கிலோவை ஆயிரம் கோடி கோடியால் வகுத்து அதை இன்னொரு லட்சத்தால் வகுத்தது... சரி, இப்படிச் சொன்னால் எனக்கே புரியவில்லை. வேறு மாதிரி சொல்கிறேன். பூமிப் பந்தின் மொத்தக் கொள்ளளவுக்குள், மலை, கடல், நடுவில் உருகிய இரும்பு எல்லாம் சேர்ந்த அந்தப் பந்துக்குள், இந்த நிமிடம் இருக்கிற கரும்பொருள் சுமார் அரைக் கிலோ. ஒரு வீட்டுக்கு ஒரு வாரத் துவரம் பருப்பு.

நெப்டியூன் பாதை வரைக்குமான பெரிய கோளத்தை எடுத்துக்கொண்டாலும் மொத்தம் ஒரு 50 கிலோமீட்டர் அகலச் சிறுகோளின் எடைதான் தேறும். பயனியரை அந்த அளவுக்கு இழுக்க, கலம் சூரியனிலிருந்து பூமியைப் போல 40 மடங்கு தொலைவில் இருந்தபோது, அதன் பாதைக்கு உள்ளே சுமார் 80 பூமிகளின் எடை கூடுதலாக இருந்திருக்க வேண்டும். இருப்பது அதில் நூறு கோடியில் ஒரு பங்கு. கொஞ்சம் கூடக் குறைய என்றால் சரிக்கட்டலாம், நூறு கோடி மடங்கு வித்தியாசத்தை யார் சரிக்கட்டுவது?

இன்னொரு வழியிலும் பிடிபடும். உண்மையிலேயே அவ்வளவு கூடுதல் எடை சுற்றிலும் இருந்தால் கலத்தை மட்டும் இழுத்துவிட்டு கிரகத்தை விட்டுவிடுமா? கூடுதல் இழுப்பு எங்கும் அதே அளவில் இருந்தால் செவ்வாயின் பாதையே பல பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களோடு பேசியே அந்தத் தூரத்தை நூறு மீட்டருக்குள் துல்லியமாக அளந்துவிட்டார்கள், அப்படி எதுவும் தள்ளவில்லை. ரஷ்யாவின் பித்யேவா, பித்யேவ் இருவரும் 2013இல் கிரகங்களின் பாதைகளை அலசிச் சொன்னது: சனியின் பாதைக்கு உள்ளே கரும்பொருள் இருந்தால் அது சூரிய எடையில் ஆயிரம் கோடியில் 1.7 பங்குக்கு மேல் இருக்க முடியாது. சீரிஸ் என்கிற குறுங்கோளில் மூன்றில் ஒரு பங்கு கிட்ட வரும். இது உச்சவரம்புதான், நிஜத்தில் இருப்பது இதைவிட மிக மிகக் குறைவு.

கேள்வி (மதுரை, இயற்பியல் மாணவர்): பால்வீதியின் ஈர்ப்பு சூரியனை இழுக்கிற முடுக்கமும் பயனியர் எண்ணும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகின்றனவே. பால்வீதியின் ஈர்ப்பில் கரும்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியென்றால் தொடர்பு இருக்கலாம் அல்லவா?

பதில்: தம்பி, நீங்கள் வீட்டுப்பாடம் செய்திருக்கிறீர்கள். கையா விண்கலம் 2020இல் அளந்து சொன்னபடி சூரியக் குடும்பம் பால்வீதியின் மையத்தை நோக்கி முடுக்கப்படுவது மேலே சொன்ன பயனியர் எண்ணில் கால் பங்கு கிட்ட. ஒளியின் வேகத்தை, பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று சொல்லும் ஹபிள் மாறிலியால் பெருக்கினால் இன்னும் நெருக்கமாக வருகிறது, அதனால்தான் பலர் மயங்கினார்கள். இரண்டு எண்கள் அருகருகே வந்தால் மனசு கல்யாணம் பேச ஆரம்பித்துவிடும்.

ஆனால் பாருங்கள், பால்வீதி சூரியனை மட்டும் இழுக்கவில்லை, பூமியையும் பயனியரையும் அதே அளவு இழுக்கிறது. ஆற்று வெள்ளத்தில் இரண்டு தேங்காய்கள் பக்கத்துப் பக்கத்தில் மிதந்து போனால் ஒன்றிலிருந்து மற்றதைப் பார்க்கிற எறும்புக்கு வெள்ளம் தெரியாது. நாம் அளப்பது நமக்கும் கலத்துக்கும் இடையிலான வேகத்தைத்தான். பொதுவான இழுப்பு அதில் தானாகக் கழிந்துவிடும், இங்கேயும் அங்கேயும் இழுப்பில் இருக்கிற நுணுக்கமான வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அது பயனியர் எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள். இரண்டு பயனியர்களும் எதிரெதிர்த் திசையில் போனவை, இரண்டுமே சூரியன் பக்கம் இழுபட்டன. பால்வீதி மையமோ, ஒரு திசையிலிருந்து வீசும் கரும்பொருள் காற்றோ காரணம் என்றால் ஒன்றுக்கு வேகம் குறைந்து மற்றொன்றுக்குக் கூடியிருக்க வேண்டும்.

கேள்வி (சேலம் வாசகர்): வாயேஜர்களும் அதே வழியில்தானே போயின, அவற்றில் ஏன் இந்த இழுப்பு தெரியவில்லை?

பதில்: பயனியர் பம்பரம் மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நிலையாகப் போகிற கலம், அதைத் தொடவே வேண்டியதில்லை. வாயேஜர் அப்படி இல்லை, முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்ள அடிக்கடி குட்டி ராக்கெட்டுகளைப் பீய்ச்சும். அந்தப் பீய்ச்சலின் தள்ளாட்டத்தில் 60 வாட் உதையைத் தேடுவது சந்தைக்கடையில் கொசு ரீங்காரத்தைக் கேட்பது போல.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): பயனியர் முடிந்த கதை என்றால், பூமிக்குப் பக்கத்தில் வந்து வேகம் பிடித்துப் போகும் கலங்கள் கணக்குக்கு மேல் வேகம் பிடிக்கின்றன என்கிறார்களே, அதுவும் சூடுதானா? அதற்குக் கரும்பொருளைக் காரணம் சொன்ன விஞ்ஞானி உண்டா இல்லையா?

பதில்: உண்டு. இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் என்னைக் கொஞ்சம் நெளிய வைத்தது உங்களுடையதுதான், ஏனென்றால் இந்தக் கதைக்கு இன்னும் முடிவுரை எழுதப்படவில்லை.

கலிலியோ கலம் 1990 டிசம்பரில் பூமியை 960 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து வியாழனுக்குப் போனது. போகும்போது இருக்க வேண்டிய வேகத்தைவிட நொடிக்கு 4 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. 1998 ஜனவரியில் நியர் என்ற கலம் 539 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தபோது 13 மில்லிமீட்டர் கூடுதல். ரோசெட்டா 2005இல் கடந்தபோது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். அதே ஆண்டு மெசஞ்சர் கடந்தபோது? ஒன்றும் இல்லை. ஆண்டர்சன் (பயனியரில் சந்தித்தோமே, அதே ஆள்தான்) 2008இல் பூமியின் சுழற்சியை உள்ளே வைத்து ஒரு சூத்திரம் கொடுத்தார், அதுவரை நடந்தவற்றுக்கு அது அழகாகப் பொருந்தியது. அப்புறம் ரோசெட்டா 2007, 2009இல் மறுபடி வந்து போனது, ஜூனோ 2013 அக்டோபரில் வந்து போனது. எதிலும் மிச்சம் தெரியவில்லை. நடந்ததற்கெல்லாம் பொருந்தி, நடக்கப் போவதற்குப் பொருந்தாத சூத்திரம். நம் ஊர்ப் பங்குச்சந்தை ஜோசியர்கள் பலரிடம் இப்படி ஒன்று இருக்கும்.

கரும்பொருளைக் கொண்டுவந்தவர் பிரின்ஸ்டனில் உள்ள உயராய்வு நிறுவனத்தின் ஸ்டீபன் ஆட்லர். ஈர்ப்பாக இழுப்பதற்கு எடை போதாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அவர் சொன்னது வேறு: பூமியைச் சுற்றிப் பிணைபட்ட கரும்பொருள் வளையம் இருந்து, அதன் துகள்கள் கலத்தின் அணுக்களில் வந்து மோதினால்? சில மோதல்கள் கலத்தின் வேகத்தைக் குறைக்கும், துகள் தன் உள் ஆற்றலைக் கொட்டுகிற வகை மோதல்கள் கூட்டும். கணக்கில் இது சாத்தியம்தான். ஆனால் அதற்கு அந்தத் துகள்கள் அணுக்களோடு கணிசமாக மோதியாக வேண்டும், அதுவும் இரண்டு வகையாக, பூமிக்குப் பக்கத்தில் மட்டும் நெருக்கமாகக் குவிந்து. ஒரு சில மில்லிமீட்டரை விளக்க இத்தனை ஏற்பாடா என்பதுதான் என் தயக்கம்.

அவரே, நேர்மையான மனிதர், இன்னொரு கட்டுரையில் தன் யோசனைக்கு வேலியும் கட்டினார். லேஜியோஸ் என்று 60 சென்டிமீட்டர் விட்டத்தில், உடம்பெல்லாம் பிரதிபலிப்பான்கள் பதித்த ஒரு பந்து 1976 முதல் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் சுற்றுப்பாதையை வைத்துப் பூமியின் எடையைக் கணக்கிடலாம். அப்போலோ வீரர்கள் நிலவில் வைத்த பிரதிபலிப்பான்களில் லேசர் அடித்து, நிலவின் பாதையை வைத்தும் கணக்கிடலாம். நிலவுக்கும் லேஜியோஸுக்கும் நடுவில் ஏதாவது ஒளிந்திருந்தால் நிலவு காட்டும் எடை கூடுதலாக இருக்க வேண்டும். பார்த்தால், அப்படி இருக்கக்கூடியது அதிகபட்சம் பூமியின் எடையில் நூறு கோடியில் 4 பங்கு.

லேஜியோஸ் பந்தும் சும்மா இல்லை. அது தினமும் ஒரு மில்லிமீட்டர் அளவு கீழே இறங்கியபடி இருந்தது, பல ஆண்டுகள் யாருக்கும் காரணம் புரியவில்லை. ஊகித்துவிட்டீர்களா? பெரும்பங்கு சூடுதான். பூமியிலிருந்தும் சூரியனிலிருந்தும் படுகிற வெப்பத்தை வாங்கிச் சற்றுத் தாமதமாக, ஒரு பக்கம் சாய்வாகத் திருப்பி விடுகிறது, பரிசல் நகர்கிறது. கோலேவ்கா என்ற சிறுகோள்கூட இதே மாதிரி தன் சூட்டால் 1991க்கும் 2003க்கும் இடையில் 15 கிலோமீட்டர் விலகியிருந்தது.

சரி, கலிலியோவுக்கும் நியருக்கும் என்ன ஆனது? ஒருவரும் அடித்துச் சொல்ல முடியாத நிலை. ஜூனோவிலும் ரோசெட்டாவின் பிந்திய வருகைகளிலும் ஒன்றும் தெரியாததால் பழைய அளவீட்டில் அல்லது கணிப்பில் எங்கோ ஓர் ஓட்டை என்பது என் பந்தயம். பந்தயம்தான், தீர்ப்பு இல்லை.

கேள்வி (பெயர் வேண்டாம், சிவகாசி): ராகு, கேதுவைக் கண்ணுக்குத் தெரியாத கிரகங்கள் என்று நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்களே. அதுதானே கரும்பொருள்?

பதில்: இல்லை. ராகுவும் கேதுவும் நிலவின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். கிரகணம் எப்போது வரும் என்று கணக்கிட அவை தேவை, அந்தக் கணக்கைப் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். புள்ளிக்கு எடை கிடையாது, கரும்பொருளுக்கு எடை மட்டும்தான் உண்டு. ஜாதகக் கட்டத்தில் அதற்கு இடம் கேட்காதீர்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): கணக்கு ஒத்துவராத இடத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சேர்த்துச் சரிக்கட்டுவது ஏமாற்று வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பதில்: கோபம் எதற்கு, பாதி நியாயம் உங்கள் பக்கம். லெவெரியே என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவரே இதற்கு இரண்டு பக்கமும் சாட்சி. யுரேனஸின் பாதை ஒத்துவரவில்லை, அதற்கு அப்பால் தெரியாத கிரகம் இருக்கிறது என்று இடத்தையும் குறித்துக் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார், நெப்டியூன் இருந்தது. அந்த உற்சாகத்தில் 1859இல் புதன் பாதையின் சின்ன விலகலுக்கும் உள்ளே வல்கன் என்று ஒரு கிரகம் இருக்கிறது என்றார். ஐம்பது வருடத்துக்கும் மேல் தேடினார்கள், இல்லவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் வந்து ஈர்ப்பு விதியையே மாற்றி எழுதி, நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற அந்த விலகலைத் தீர்த்தார். ஆக முதல் தடவை ஒளிந்திருந்தது பொருள், இரண்டாம் தடவை தப்பாக இருந்தது விதி, பயனியரில் இரண்டும் இல்லை, கலத்தின் சூடு.

ஆனால் கரும்பொருளை 'சரிக்கட்டு' என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி ஒரு விண்மீன் மண்டலக் கொத்தில் பார்த்தது, 1970களில் வேரா ரூபின் சுழலும் மண்டலங்களில் பார்த்தது, ஈர்ப்பால் ஒளி வளைவது, பிரபஞ்சத்தின் ஆரம்ப வெளிச்சத்தில் உள்ள ஏற்ற இறக்கங்கள் என எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு கரும்பொருள் போதுமாக இருக்கிறது. அளவு குறித்தாகிவிட்டதால்தான், பயனியருக்கு வேண்டும் என்றதும் எடுத்து நூறு கோடி மடங்கு கூட்டிக் கொடுக்க முடியாமல் போனது. ஏமாற்றுகிறவன் கொடுத்துவிட்டிருப்பான்.

கேள்வி (கோலாலம்பூர் வாசகி): அப்படியென்றால் சூரியக் குடும்பத்துக்குள் கரும்பொருள் எதையும் அசைக்கவே அசைக்காதா? விண்கலத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?

பதில்: அசைக்கும், நாம் கவனிக்கிற அளவுக்கு இல்லை. இரண்டு யோசனைகள் எனக்குப் பிடித்தவை.

ஒன்று, கரும்பொருள் துகள்களாக இல்லாமல், பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் உண்டான குட்டிக் கருந்துளைகளாக இருந்தால் என்ன என்பது. சிறுகோள் அளவு எடை, அணு அளவு உருவம். எம்ஐடியைச் சேர்ந்த குழு ஒன்று 2024இல் கணக்கிட்டது: அப்படி இருந்தால் பத்து வருடத்துக்கு ஒன்றாவது உள் சூரியக் குடும்பத்தின் வழியாகப் பாய்ந்து போகும், செவ்வாய்க்குப் பக்கத்தில் போனால் அதன் பாதை சில ஆண்டுகளில் ஒரு மீட்டர் அளவு ஆடும். செவ்வாயின் தூரத்தை இப்போது 10 சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கிறார்கள், ஆக ஒரு மீட்டர் ஆட்டம் தப்பாது. கடினம் எங்கே என்றால், சாதாரணச் சிறுகோள் எதுவும் அந்த ஆட்டத்தைக் கொடுக்கவில்லை என்று நிரூபிப்பதில். (ஒன்பதாம் கிரகம் என்று தேடுகிறார்களே, அதுவே ஒரு கருந்துளையாக இருக்கலாம் என்று 2019இல் இரண்டு பேர் எழுதினார்கள். ஐந்து பூமி எடை, ஒரு சாத்துக்குடி அளவு. நம்புகிறேனா என்று கேட்காதீர்கள், படிக்கச் சுவையாக இருந்தது.)

இரண்டாவது, எட்வர்ட் பெல்புரூனோவும் நாசாவில் தலைமை விஞ்ஞானியாக இருந்த ஜிம் கிரீனும் 2022இல் போட்ட கணக்கு. மேலே மதுரை மாணவருக்குச் சொன்ன அந்த 'நுணுக்கமான வித்தியாசம்' இருக்கிறதே, வெகுதூரம் போன கலத்தில் அது மெல்லச் சேரும். அவர்கள் கணக்குப்படி பயனியர் போன்ற கலங்களைக் கரும்பொருளின் ஈர்ப்பு நூறு ஆண்டுகளில் பாதையிலிருந்து விலக்குவது 1.6 மீட்டர். ஓர் ஆள் உயரம், ஒரு நூற்றாண்டில்.

இதை அளக்கலாமா? புதிதாக அனுப்பினால் அளக்கலாம் என்கிறார்கள், ஆனால் கலத்தையே நம்பிப் பயனில்லை, அதற்குள் மறுபடியும் புளூட்டோனியம் இருக்கும், மறுபடியும் சூடு உதைக்கும். அதனால் அவர்கள் சொல்லும் உபாயம்: கலம் வெகுதொலைவு போனதும் பளபளப்பான ஒரு பந்தை வெளியே போட்டுவிட வேண்டும். பந்துக்குள் மின்னாக்கி இல்லை, கருவி இல்லை, சூடும் இல்லை. கலத்திலிருந்து அதன் மேல் லேசர் அடித்து, இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.